அடைமழைக்கு முன் ஓட்டு வீடு: கூரையோடு சுவரடியையும் பாருங்கள்

புரட்டாசி கடைசி வாரம். நீடாமங்கலம் பக்கத்தில், கோரையாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமம். குறுவை அறுத்த நெல் களத்தில் காய்கிறது. சம்பா நடவு பாதி முடிந்திருக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் நடுவே கிடைத்த நான்கு நாளில் ஒரு வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள்.

மூன்று ஏக்கர் விவசாயி ஒருவரின் வீடு அது. அவருக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். வீடு அவருடைய தாத்தா கட்டியது. மண் சுவர், பனஞ்சட்டம், மேலே நாட்டு ஓடு, நடுவில் சிறிய முற்றம், வாசலில் திண்ணை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ஆயுத பூசை விடுமுறைக்கு வந்திருக்கிறார். குவித்து வைத்த ஓடுகளையும் உடைந்த சில்லுகளையும் பார்த்துவிட்டு, "பேசாம ஓட்டப் பிரிச்சிட்டு ஷீட் போட்டுடலாம்ப்பா. வருஷா வருஷம் இந்தத் தொல்லை எதுக்கு?" என்றார்.

"ஷீட் போட்டா மேல ஒழுகாது தம்பி. செவுரு விழுந்தா ஷீட் என்ன பண்ணும்?" என்றார் அப்பா.

வடக்குச் சுவரில், கூரையை ஒட்டிய மூலையில் தொடங்கி ஒரு விரிசல் இறங்கியிருக்கிறது. மேலே விரல் நுழையும் அகலம், கீழே வர வர மெலிந்து மறைகிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மாவின் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் அடுத்த குறுவைக்கு எடுத்து வைத்த விதை நெல் மூட்டைகள்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். ஆண்டு முழுவதும் வெயிலில் காய்ந்த மண் சுவர் இரண்டு மாதம் ஈரத்தில் நிற்க வேண்டும். ஆனால் நம் ஊர்களில் வீட்டுக்கு வேலை பார்ப்பது பெரும்பாலும் பொங்கலுக்குத்தான். வெள்ளை அடித்து, திண்ணை பூசி, காவிப் பட்டை போடுவதெல்லாம் மார்கழி கடைசியில். அது வீட்டுக்கு அழகு. மழையைத் தாங்க வைக்கும் வேலை புரட்டாசியில் முடிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வயலில் ஆள் வேண்டியிருப்பதால் வீடு பின்னுக்குப் போய்விடுகிறது.

மண் சுவர் மேலிருந்து பெய்யும் மழையால் விழுவது குறைவு. அடியில் தேங்கும் தண்ணீரால் விழுவதே அதிகம். ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்து, சுவரின் அடிப்பக்கம் ஒரு முழ உயரத்துக்கு மண்ணைக் கரைக்கிறது. தரையில் தேங்கிய நீரும் சுவருக்குள் ஊறி மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு, ஈரம் காயும்போது வெளியே பூத்து மண்ணைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. நாலைந்து மழைக்காலம் கவனிக்காமல் விட்டால், மேலே ஒன்றரை அடி கனம் உள்ள சுவர் அடியில் ஒரு அடிகூட இருக்காது. காய்ந்த மண் சுவர் பெரிய பாரத்தைத் தாங்கும். அதே சுவர் ஊறிவிட்டால் தன் பாரத்தையே தாங்காது.

டெல்டாவின் களிமண்ணும் இதற்குத் துணை போகிறது. கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்க்கிறோம். அதே மண்தான் வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது. வெயிலில் சுருங்கி, மழையில் உப்புகிறது. அஸ்திவாரம் ஆழமில்லாத பழைய வீடுகளில் ஒரு மூலை ஏறி இறங்கி, சுவர் மூலையிலும் சன்னல் மேலும் விரிசல் விடுகிறது. எல்லா விரிசலும் ஆபத்தானது அல்ல. கோடையில் தெரிந்து மழைக்குப் பின் தானே ஒடுங்கிவிடும் மயிரிழை விரிசல்கள் எல்லா மண் வீட்டிலும் உண்டு.

எது ஆபத்து என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டை இரண்டு பக்கமும் பசை தடவி ஒட்டி, அதன் மேல் தேதி எழுதி வைக்க வேண்டும். சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கும் விரிசல், வயிறு தள்ளிய சுவர், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் சுவர் ஆகியவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. இவற்றை ஒட்டி யாரும் படுக்கக் கூடாது. நம் சுவர் மட்டும் அல்ல, பக்கத்து மதிலும் கணக்கில் வர வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், அடைமழையில் ஊறிய உயரமான மதில் ஓட்டு வீடுகளின் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

கோரையாற்றுக் கிராமத்து வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முன்பு தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்கு வருவார்களாம். பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் இப்போது ஒரு படிதான் மிச்சம். தெருத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது. முற்றத்துத் தண்ணீரைத் தெருவுக்குக் கொண்டுபோன தூம்பு, இப்போது தெருவின் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடந்த ஐப்பசியில் அந்தத் தூம்பு வழியாகவே தண்ணீர் முற்றத்துக்குள் திரும்பியது. இந்த நிலை இன்று பல ஊர்களில் உண்டு. சிமென்ட் சாலை போடும்போதே, தெருவில் உள்ளவர்கள் சேர்ந்து போய், பழைய மட்டத்தைக் குறைத்துப் போடும்படியும், சாலையோரம் வடிகால் விடும்படியும் ஊராட்சியில் எழுதிக் கொடுப்பது நல்லது. போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயன் குறைவு.

மகனுக்கு அன்று அப்பா கொடுத்த முதல் வேலை மண்வெட்டி வேலைதான். முற்றத்துத் தூம்பைத் தெருப்பக்கம் அடைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் வழிந்தோட வாய்க்கால் வெட்டினார்கள். கொல்லையில் ஒரு வாழைக் குழி இருக்கிறது, தண்ணீர் அங்கே போய்ச் சேரும். புதுத் தூம்பு வாயில் இரும்புக் கம்பி வலை வைத்தார்கள். எலி நுழையாது, எலியைத் தேடிப் பாம்பும் வராது. வலைக் கண் மிகச் சிறிதாக இருந்தால் சருகு அடைத்துக்கொள்ளும் என்பதால், அரை அங்குலக் கண் போதும். மழை நாட்களில் தினமும் சருகை எடுத்துவிட வேண்டும்.

அடுத்து வீட்டைச் சுற்றிச் சொட்டு விழும் இடம். சுவரடியில் கரைந்த பள்ளத்தைச் சுரண்டி, தளர்ந்த மண்ணை எடுத்துவிட்டு, நனைத்து, புது மண் வைத்து இறுக்கினார்கள். இந்த மண்ணைச் சும்மா குழைத்து அப்பக் கூடாது. களிமண்ணோடு மணலும் நறுக்கிய வைக்கோலும் உமியும் சேர்த்து, தண்ணீர் விட்டு நாலைந்து நாள் புளிக்க விட்டு, காலால் மிதித்துப் பிசைந்தால்தான் காயும்போது வெடிக்காது. அதன் பிறகு சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு உடைந்த ஓட்டுச் சில்லையும் செங்கல் துண்டையும் பரப்பி, வெளிப்பக்கம் சரிவாக இடித்துவிட்டார்கள். சொட்டு இனி மண்ணில் விழாது, சில்லில் விழுந்து வழிந்துவிடும். ஓடு மாற்றும்போது மிஞ்சும் சில்லைக் குப்பையில் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். சுவரடி கரைகிறதே என்று பலர் மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே காய வழியில்லாமல் பூச்சுக்குள் அடைபட்டு, இன்னும் மேலே ஏறுகிறது. இரண்டு மூன்று வருடத்தில் சிமென்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும்போது, உள்ளே மண் சேறாகக் கிடக்கும். மண் சுவருக்குப் பொருந்துவது மண் பூச்சு, இல்லையென்றால் சுண்ணாம்புப் பூச்சு. நன்றாக நீற்றித் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால், தட்டிப் பார்த்து 'டொப்' என்று கேட்கும் இடங்களை மட்டும் பெயர்த்து, உள்ளே காயவிட்டுப் பூசினால் போதும். அதை மழைக்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டாம். தை பிறந்த பிறகு செய்யலாம்.

ஓட்டு வேலைக்கு வந்தவர் அறுபதைத் தாண்டியவர். சுற்று வட்டாரத்தில் நாட்டு ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதனால் ஆவணியிலேயே சொல்லி வைத்துத் தேதி வாங்க வேண்டியிருக்கிறது. கருமேகம் திரண்ட பிறகு ஆள் தேடினால் தார்ப்பாய்தான் மிஞ்சும்.

அவர் முதலில் செய்தது ஓட்டைத் தொடாமல் வீட்டுக்குள் போய், கதவு சன்னல்களைச் சாத்தி, மேலே பார்த்ததுதான். வெளிச்சம் தெரியும் இடங்களையும், சட்டத்தில் பழைய நீர்க் கறை உள்ள இடங்களையும் கரித்துண்டால் குறித்துக்கொண்டார். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைப்பது தவறு. தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி வந்து கீழே ஒரு இடத்தில் சொட்டும். ஓட்டை அதற்கு மேலே, முகட்டுப் பக்கம் இருக்கும். கறையின் தொடக்கம் எது என்று பார்க்க வேண்டும்.

"ஒரு பக்கத்த முடிச்சிட்டுத்தான் மறு பக்கம் பிரிக்கணும் ஐயா. ரெண்டையும் தொறந்து போட்டா ராத்திரி மழைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். முகட்டிலிருந்து கீழாகப் பிரித்து, விளிம்பிலிருந்து மேலாக அடுக்கினார். ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டினார். நல்ல ஓடு கணீர் என்கிறது, விரிசல் விட்டது சத்தம் மங்குகிறது. இடையில் சேர்ந்திருந்த வேப்பஞ்சருகு, எலி வளை, மண் எல்லாம் கூடை கூடையாக இறங்கின. சருகுதான் ஓட்டு வீட்டுக்கு முதல் எதிரி. அது ஈரத்தைப் பிடித்து வைத்து வரிச்சுகளை மக்கச் செய்கிறது. தண்ணீர் ஓடும் பள்ளத்தை அடைத்து ஓட்டுக்கு அடியில் திருப்பிவிடுகிறது. இரண்டு சரிவுகள் கூடும் கூடல்வாயில் இது அதிகம். கூரை மேல் சாயும் கிளைகளை மழைக்கு முன் கழித்துவிட வேண்டும்.

உடைந்ததற்கு மாற்று ஓடு கிடைப்பது இப்போது பெரும்பாடு. நாட்டு ஓடு சுடும் சூளைகள் அருகிவிட்டன. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஆலையோடு பரவிய சீமை ஓடு, நாட்டு ஓட்டின் இடத்தை அப்போதே பிடிக்கத் தொடங்கியது. இன்று சீமை ஓட்டுக்கும் அதே நிலைமை. பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஓடு வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்திருப்பவர்களே விவரமானவர்கள். இந்த வீட்டில் நல்ல ஓடுகளையெல்லாம் வீட்டுப் பக்கம் ஏற்றிவிட்டு, குறைந்த இடத்துக்கு, மாட்டுக் கொட்டகையின் ஒரு பத்தியைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கொட்டகைக்குக் கீற்று வேய்ந்தாயிற்று.

சட்டங்களைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தார்கள். வைரம் ஏறிய முதிர்ந்த பனை இன்னும் இரும்பாக நின்றது. ஆனால் அடுக்களைக்கு மேலே இரண்டு சட்டம் உளுத்து மாவு கொட்டியது. விறகு அடுப்பு எரிந்த காலத்தில் அந்தப் புகை மரத்தில் படிந்து வண்டு வராமல் காத்தது. எரிவாயு வந்தது பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் பெரிய நன்மை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் புகை நின்றதால் அடுக்களைக் கூரையை இனி ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. சுவருக்குள் புதையும் சட்ட முனைகளுக்குத் தார் பூசி வைத்தார்கள். வரிச்சுக்கு மூங்கில் வெட்டுகிறவர்கள், வெட்டியதைச் சில வாரம் குளத்தில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்து நீரில் கரைந்து போவதால் வண்டு குறையும். சுவரில் கரையான் மண் கோடு தெரிந்தால் சுரண்டிவிட்டு, அது எங்கிருந்து ஏறுகிறது என்று தரை வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். தானியமோ ஆட்களோ இருக்கும் அறையில் வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை அடிப்பது கூடவே கூடாது.

ஷீட் விஷயத்தில் மகன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஓடு கிடைக்காது, ஆள் கிடைக்காது என்ற நிலையில் தகர ஷீட்டுக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாரம் குறைந்த ஷீட்டைக் கொக்கி போட்டு இறுக்கிக் கட்டாவிட்டால் புயல் தூக்கிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஓடுகளும் பறந்தன, ஷீட்டுகளும் பறந்தன. ஓட்டு வீட்டில் காற்று முதலில் கிளப்புவது விளிம்பையும் முகட்டையும்தான். அந்த இரண்டு வரிசைக்கும் சுண்ணாம்புக் கலவை வைத்து அழுத்தினால் நடுவில் உள்ளவை பெரும்பாலும் நிற்கும். இன்னொன்று: பகலில் ஷீட்டுக்கு அடியில் வயதானவர்கள் படுக்க முடியாது. கல்நார் ஷீட் என்றால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழசை உடைப்பதும் அறுப்பதும் ஆபத்து.

அம்மாவின் கவலை வேறு. "கூரை இருக்கட்டும்ங்க. வெத நெல்ல எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

குறுவையில் எடுத்த விதை, அடுத்த ஆண்டு மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதம் வரை இருக்க வேண்டும். அதாவது ஒரு முழு மழைக்காலத்தை வீட்டுக்குள் கழிக்க வேண்டும். விதை நெல்லில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஏற்கும் 17 சதவீத ஈரம் விதைக்கு ஆகாது. ஈரமானி இல்லாத வீட்டில் உப்பை வைத்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு கை நெல்லும் ஒரு சிட்டிகை வறுத்து ஆறிய பொடி உப்பும் போட்டு, மூடிக் குலுக்கிப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அந்த நெல்லை மறுபடி காயவைக்க வேண்டும். ஒட்டவில்லை என்றாலும் விதைக்கு இன்னும் இரண்டு வெயில் கொடுத்துவிடுவது நல்லது. பல்லில் கடித்தால் 'கடக்' என்று முறிய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் அதற்குத்தான். காயவைத்த நெல்லைச் சூடு ஆறிய பிறகே மூட்டை கட்ட வேண்டும். மூட்டை சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, தரையில் படாமல் மரப்பலகை மேல் இருக்க வேண்டும். காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் கலந்து வைக்கலாம். பச்சை இலை வைத்தால் அதுவே ஈரத்தைக் கொடுக்கும். மாதம் ஒரு முறை கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடோ அந்துப்பூச்சியோ தெரிந்தால் வெயில் கண்ட அன்று பரப்பிவிட வேண்டும்.

பரணில் விறகும் வரட்டியும் இரண்டு வாரத்துக்கு ஏற்றியாயிற்று. வைக்கோல் போரைச் செங்கல் மேடையில் போட்டு உச்சியைக் கூம்பாக்கி மூடினார்கள். அடியில் பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் எருக்குழிக்குத் தள்ளிவிட வேண்டும். ஈரச் சுவரில் உள்ள மின் சுவிட்சுகளைத் தொட்டால் சுரீர் என்றால், காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று விடக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் கருவியை மின்பணியாளரை வைத்துப் பொருத்திக்கொள்வது உயிர் காக்கும்.

மழைக் காலத்தில் வளையில் நீர் புகுந்தால் பாம்பு வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிக்கும். பல நேரம் கடித்த தடமே தெரியாது. விடியற்காலையில் காரணம் இல்லாமல் வயிற்று வலி, கண் இமை தொங்குவது, பேச்சுக் குளறுவது தெரிந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று நினைக்க வேண்டும். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும், தலைமாட்டில் ஒரு டார்ச்சும் இந்த இரண்டு மாதத்துக்குக் கட்டாயம்.

நான்காம் நாள் மாலை கூரை வேலை முடிந்தது. வடக்குச் சுவருக்கு வெளியே இரண்டு பனந்துண்டுகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார்கள். அம்மாவின் கட்டிலும் விதை மூட்டைகளும் தெற்கு அறைக்குப் போயின. மகன் ஊருக்குக் கிளம்பும் முன் விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் காகிதம் ஒட்டித் தேதி எழுதினார்.

ஐப்பசி இரண்டாவது வாரம் மூன்று நாள் அடைமழை. வீட்டில் எங்கும் ஒழுகவில்லை. முற்றத்துத் தண்ணீர் கொல்லைக்குப் போனது. நான்காம் நாள் காலை அம்மா வடக்கு அறையைத் திறந்து பார்த்தபோது மேலே இருந்த காகிதம் கிழிந்திருந்தது, கீழே உள்ள இரண்டும் முழுதாக இருந்தன. அப்பா திருப்பூருக்குப் போன் செய்தார். தையில் அந்தச் சுவரை மட்டும் இறக்கிவிட்டுச் செங்கல்லில் எடுப்பது என்று பேசி முடித்தார்கள். அதுவரை வடக்கு அறைக் கதவு பூட்டியே இருக்கும்.